“வேண்டாம்” என்று சொல்லப் பழகுதல்: போதை மீட்பில் நடிப்பு செய்யும் வேலை

ஐ.நா. சபை 1987-இல் அறிவித்த போதைப்பொருள் எதிர்ப்பு நாளையொட்டி, ஆண்டுதோறும் ஜூன் 26 அன்று பேருந்து நிலையங்களிலும் கல்லூரி வாசல்களிலும் வீதி நாடகங்கள் நடக்கின்றன. லுங்கியை மடித்துக் கட்டிய இளைஞர் ஒருவர் காலி பாட்டிலோடு தள்ளாடி வருவார், கூட்டம் சிரிக்கும், மனைவியாக நடிப்பவர் அழுவார், கடைசியில் எல்லோரும் உறுதிமொழி எடுத்துக்கொள்வார்கள். ஏதாவதொரு மறுவாழ்வு மையத்தைப் பற்றிய செய்தியில் ‘நாடக முறையில் சிகிச்சை’ என்ற வரியைப் படிக்கும் வாசகரின் மனத்தில் எழுவதும் இந்தத் தள்ளாட்டக் காட்சிதான். நடிக்கவைத்தால் குடி நின்றுவிடுமா என்று சிலர் கேலியாகவும், எல்லாம் செய்து ஓய்ந்துவிட்டோம், இதையும் பார்த்துவிடலாமே என்று வேறு சிலர் ஏக்கத்தோடும் கேட்கிறார்கள். மையத்துக்குள் நடப்பது என்ன, அது எதற்குப் பயன்படும், எதற்குப் பயன்படாது என்பதை அடிப்படையிலிருந்து பார்த்தால் இரு தரப்புக்கும் விடை கிடைக்கும்.

ஒரே பெயரில் வழங்கும் மூன்று வேலைகள்

1. விழிப்புணர்வு நாடகம். இது பார்வையாளருக்காக நடத்தப்படுவது. நடிப்பவர் கலைஞரோ மாணவரோ ஆவார். குடிநோயாளி, கூட்டத்தில் இருந்தால், வெறும் பார்வையாளர். தள்ளாடும் பாத்திரத்தைப் பார்த்து அவரும் சிரிப்பார், ‘நான் அந்த அளவுக்குப் போகவில்லை’ என்ற நிம்மதியோடு வீட்டுக்கும் போவார். குடிகாரரை நகைச்சுவைப் பாத்திரமாக்கும் நாடகங்கள் குடிநோயாளிக்கு உதவுவதைவிட அவர் ஒளிந்துகொள்ள ஓர் இடம் அமைத்துத் தருகின்றன என்பதே என் எண்ணம்.

2. ஒத்திகைப் பயிற்சி. ஆங்கிலத்தில் ரோல் பிளே எனப்படும் இம்முறையில், சிகிச்சை பெறுபவர் நாளையோ அடுத்த வாரமோ தாம் சந்திக்கப்போகும் ஒரு குறிப்பிட்ட சூழலை முன்கூட்டியே நடித்துப் பார்க்கிறார். மேடை வேண்டாம், நான்கு பிளாஸ்டிக் நாற்காலிகள் போதும்.

3. உளநாடகமும் நாடகச் சிகிச்சையும். இவை கடந்த காலத்தையும் உறவுகளையும் மனத்தின் உட்குரல்களையும் காட்சியாக்கிப் பார்ப்பவை. பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் இல்லாமல் நடத்தக் கூடாதவை.

இம்மூன்றில் அதிக ஆய்வுக்கு உள்ளானதும், எளிதாக நடத்தக்கூடியதும், ஆனால் மிகக் குறைவாகப் பேசப்படுவதும் இரண்டாவதுதான். ஆகவே இக்கட்டுரை அதில் அதிக நேரம் நிற்கிறது.

தெரிந்திருந்தும் சறுக்குவது ஏன்

குடி உடலைக் கெடுக்கும் என்பது தெரியாத குடிநோயாளி எவரும் இல்லை. கல்லீரலைப் பற்றி அவருக்கு மருத்துவர் சொல்லியிருக்கிறார், கடனைப் பற்றி மனைவி சொல்லியிருக்கிறார், மானத்தைப் பற்றி ஊரே சொல்லியிருக்கிறது. சிகிச்சைக்குப் பிறகு சில வாரங்களோ மாதங்களோ குடிக்காமல் இருந்துவிட்டு அவர் மீண்டும் குடிக்கும்போது, ‘மனஉறுதி இல்லை’ என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடுகிறோம்.

அமெரிக்க உளவியலாளர் ஆலன் மார்லட் இதை வேறு விதமாக அணுகினார். மீண்டும் தொடங்கியவர்களிடம் ‘ஏன் குடித்தீர்கள்’ என்று கேட்பதை விட்டு, அந்த முதல் மடக்குக்குச் சற்று முன் எங்கே இருந்தீர்கள், யார் கூட இருந்தார்கள், என்ன நடந்தது என்று விசாரித்தார். மது மட்டுமல்லாமல் புகை, ஹெராயின், சூதாட்டம் ஆகியவற்றிலிருந்து விடுபட முயன்றவர்களும் இந்த விசாரணையில் அடங்குவர். அவரும் ஜூடித் கார்டனும் 1985-இல் தொகுத்து வெளியிட்ட ஆய்வுகளின்படி, சறுக்கல்களில் ஏறத்தாழ முக்கால் பங்கு மூன்றே வகைச் சூழல்களில் நிகழ்ந்தது: கோபம், சலிப்பு, தனிமை போன்ற மனநிலைகள், பிறரோடு ஏற்படும் சச்சரவு, குடிக்கச் சொல்லி வரும் வற்புறுத்தல்.

இந்த மூன்றில் இரண்டு, எதிரே இன்னொரு மனிதர் இருக்கும் சூழல்கள். அந்த மனிதர் பேசுகிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார், சில நொடிகளில் ஏதாவது சொல்லியாக வேண்டும். பல ஆண்டுகளாக அந்த இடத்தில் ஒரே பதிலைச் சொல்லிப் பழகிய வாய், யோசிக்க நேரம் கிடைக்காதபோது அதே பதிலைத்தான் சொல்லும். இந்த இடத்துக்கு அறிவுரை வந்து சேர்வதில்லை. வேறொரு பதிலை வாயும் காலும் முன்பே பழகியிருக்க வேண்டும். ஒத்திகைப் பயிற்சியின் தேவை இங்கேதான் தொடங்குகிறது.

ஒத்திகை எப்படி நடக்கிறது

மாதிரிக்கு ஒரு காட்சியை எடுத்துக்கொள்வோம். மையத்தில் சேர்ந்து மூன்று வாரமான ஒரு பெயின்டர், வீடு திரும்பியதும் வரப்போகும் முதல் சனிக்கிழமையை நினைத்துப் பயப்படுகிறார். ‘சனிக்கிழமை கஷ்டம்’ என்ற அளவில் ஆலோசகர் அதை விடுவதில்லை. மேஸ்திரி கூலியை எங்கே வைத்துக் கொடுப்பார்? டாஸ்மாக் கடைக்கு எதிரே உள்ள டீக்கடையில். பணம் எந்தப் பையில்? சட்டைப் பையில். பேருந்து நிறுத்தம் எந்தப் பக்கம்? கடையைத் தாண்டி. யார் முதலில் கூப்பிடுவார்? கூட வேலை செய்யும் தம்பி ஒருவர். இந்த விவரங்களுக்கேற்ப நாற்காலிகள் நகர்த்தப்படுகின்றன. தம்பியாக நடிக்கக் குழுவிலிருந்தே ஒருவர் எழுந்து வருகிறார். அந்த வசனங்களைத் தாமே பலமுறை பேசியவர் என்பதால் அவருக்கு எழுதிக்கொடுக்க எதுவும் தேவைப்படுவதில்லை.

“என்னண்ணே, வாங்குன கையோட வீட்டுக்கா? வா, ஒரு கட்டிங்.”

“இல்லப்பா, இன்னிக்கு வேணாம். உடம்பு ஒரு மாதிரியா இருக்கு.”

“அட, அதுக்குத்தான்ணே மருந்து.”

குழு சிரிக்கிறது. பெயின்டரும் சிரித்துவிடுகிறார், சிரித்தபடி அசையாமல் நிற்கிறார். முதல் சுற்றில் அவர் தோற்றுவிட்டார். ஆலோசகர் நிறுத்தி, பார்த்தவர்களிடம் கேட்கிறார். ஒவ்வொருவரும் கவனித்ததைச் சொல்கிறார்கள்: ‘இன்னிக்கு’ என்ற சொல் நாளைக்குக் கதவைத் திறந்துவைக்கிறது, உடம்பைச் சாக்குச் சொன்னால் எதிராளி அதற்கும் ஒரு வைத்தியம் வைத்திருப்பார், குரல் கீழே போயிற்று, கால் நகரவில்லை.

இரண்டாம் சுற்றில் அவர், “வேணாம் தம்பி, நான் விட்டுட்டேன். டீ சாப்பிடலாம்னா வரேன்” என்கிறார். தம்பி வேறு ஆயுதத்தை எடுக்கிறார்: “பொண்டாட்டி மிரட்டிட்டாளா?” இங்கேதான் பலர் உடைகிறார்கள், ஏனென்றால் இப்போது பேச்சு மதுவைப் பற்றியதாக இல்லை, ஆண்மையைப் பற்றியதாகிவிட்டது. மூன்றாம் சுற்றில் அந்தக் கேள்விக்கு அவர் பதிலே சொல்வதில்லை. “விட்டுட்டேன்பா, பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்று சொல்லி உண்மையிலேயே நடந்து அறைக்கதவைத் தாண்டி வெளியே போகிறார். வெளியே போவதுவரை நடிப்பது முக்கியம். வாய்க்குப் போலவே காலுக்கும் ஒத்திகை வேண்டும்.

இந்தக் காட்சிக்குள் இருக்கும் வரிசையைப் பிரித்துச் சொன்னால்:

1. சூழல் குறுகலாகவும் உண்மையாகவும் இருக்க வேண்டும். ‘நண்பர்கள் வற்புறுத்தினால்’ என்பது சூழல் ஆகாது. ‘சனிக்கிழமை ஆறு மணி, டீக்கடை வாசல்’ என்பதே சூழல்.

2. முதல் முயற்சியை யாரும் திருத்தாமல் பார்க்க வேண்டும். வழக்கமான சறுக்கல் எங்கே இருக்கிறது என்பது அப்போதுதான் தெரியும்.

3. கருத்துச் சொல்பவர்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்ல வேண்டும். குணத்தைப் பற்றிய தீர்ப்புக்கு இடமில்லை.

4. எதிராளியின் அழுத்தத்தைப் படிப்படியாகத்தான் கூட்ட வேண்டும். எடுத்த எடுப்பிலேயே கடினமான காட்சியைக் கொடுத்துத் தோற்கவைத்தால், பழகுவது தோல்விதான்.

5. ஒருமுறையாவது இடம் மாறி நடிக்க வேண்டும். பெயின்டர் அந்தத் தம்பியாக நின்று வற்புறுத்தும்போது, தம்பிக்கு வேண்டியது தனியாகக் குடிக்காமல் இருக்க ஒரு துணை மட்டுமே என்பதும், அந்த வற்புறுத்தலில் தம்மைப் பற்றிய அக்கறை எதுவும் இல்லை என்பதும் அவருக்கு உள்ளிருந்தே தெரியவரும்.

மேலைநாட்டுக் கையேடுகளை அப்படியே எடுத்தாளும் மையங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. கண்ணுக்கு நேராகப் பார், முதல் சொல்லே ‘வேண்டாம்’ என்று இருக்கட்டும், இனி என்னிடம் கேட்காதே என்று சொல்லிவிடு என்பவை அந்தக் கையேடுகளின் அறிவுரைகள். கூட வேலை செய்யும் தம்பியிடம் இது செல்லும். கல்யாண வீட்டு மொட்டை மாடியில் டம்ளரை நீட்டும் தாய்மாமனிடம் இப்படிப் பேசினால் வேறொரு சண்டை பிறக்கும். சண்டையும் குடிக்கு இட்டுச்செல்லும் மூன்று சூழல்களில் ஒன்றுதானே. அங்கே, “மாமா, டாக்டர் மாத்திரை குடுத்திருக்கார், இது மேல குடிச்சா உயிருக்கே ஆபத்து” என்பது போன்ற, பணிவும் முடிவும் ஒன்றாக உள்ள பதில் தேவை. குடித்தால் உடல் கடுமையாக எதிர்க்கும்படி செய்யும் டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவருக்கு அது முழு உண்மையும்கூட. சாவு வீடு, ஊர்த் திருவிழா, சம்பந்தி வீடு என ஒவ்வொன்றுக்கும் தனித்தனி உறவுமுறை, தனித்தனிப் பேச்சு. இவற்றைக் குழுவினரே வகுத்துக்கொள்ள வேண்டும்.

இதற்கு ஆதாரம் உண்டா

உண்டு, ஆனால் விளம்பரங்கள் சொல்லும் அளவுக்கு இல்லை. 1978-இல் செய்னி, ஓ’லியரி, மார்லட் ஆகிய மூவரும் வெளியிட்ட ஆய்வு இத்துறையில் அடிக்கடி சுட்டப்படுவது. மருத்துவமனையில் தங்கிக் குடிநோய்ச் சிகிச்சை பெற்ற 40 பேர் மூன்று வகையாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பகுதியினர் ஆபத்தான சூழல்களை நடித்துப் பழகினர். இன்னொரு பகுதியினர் அதே சூழல்களைப் பற்றியும் அவை எழுப்பும் உணர்வுகளைப் பற்றியும் பேசி மட்டும் பார்த்தனர். மற்றவர்களுக்கு வழக்கமான சிகிச்சை மட்டுமே. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தபோது, நடித்துப் பழகியவர்களின் சறுக்கல்கள் குறுகிய காலத்தில் முடிந்தன, கடுமையும் குறைந்திருந்தது.

ஆய்வு காட்டிய பலன், விழுந்தவர் சீக்கிரம் எழுந்தார் என்பதுதான். யாருமே விழவில்லை என்று அது சொல்லவில்லை. ஒரே நாள் குடித்துவிட்டு நிறுத்துவதற்கும், ‘இனி என்ன, எல்லாம் போயிற்று’ என்று இரண்டு மாதம் குடிப்பதற்கும் ஒரு குடும்பத்தின் கணக்கில் எவ்வளவு வேறுபாடு என்பதை விளக்கத் தேவையில்லை. 40 பேர் என்பது சிறிய எண்ணிக்கை என்பதையும் மறக்கக் கூடாது.

பிற்காலத்தில் இத்தகைய ஒத்திகைகள், எண்ணங்களையும் பழக்கங்களையும் மாற்றப் பயிற்றும் அறிவாற்றல்-நடத்தைச் சிகிச்சையின் ஒரு பகுதியாகிவிட்டன. அமெரிக்காவில் 1,726 பேரை வைத்து மூன்று சிகிச்சைகளை ஒப்பிட்ட ‘புராஜெக்ட் மேட்ச்’ ஆய்வின் முடிவுகள் 1997-இல் வெளிவந்தன. இந்த அறிவாற்றல்-நடத்தைப் பயிற்சி, ஊக்கமூட்டும் ஆலோசனை, குடியிலிருந்து மீள்பவர்கள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் பன்னிரண்டு படிகளை நோக்கி வழிநடத்துதல் ஆகிய மூன்றும் ஏறத்தாழ ஒரே அளவு பலன் தந்தன. எனவே ‘எங்கள் முறைதான் சிறந்தது’ என்று எந்த மையம் சொன்னாலும் அதைச் சந்தேகத்தோடு கேட்பதே சரி.

மொரேனோவின் மேடை

மூன்றாவது வகையான உளநாடகத்தின் தந்தை ஜேக்கப் லெவி மொரேனோ. 1889-இல் புகாரெஸ்டில் பிறந்து வியன்னாவில் மருத்துவம் பயின்றவர். 1920-களின் தொடக்கத்தில் அங்கே எழுதப்பட்ட வசனம் இல்லாமல் நடிக்கும் ஒரு நாடகக் குழுவை நடத்தினார். அக்குழுவில் சாந்தமான பாத்திரங்களுக்குப் பேர்போன பார்பரா என்ற நடிகை இருந்தார். வீட்டில் அவர் கடும் கோபக்காரர் என்று அவர் கணவர் முறையிட்டதும், மொரேனோ அவருக்கு முரட்டுப் பாத்திரங்களைக் கொடுத்தார். மேடையில் கத்தித் தீர்த்த பிறகு வீட்டில் கோபம் தணியத் தொடங்கியது என்று மொரேனோவே எழுதியிருக்கிறார். ஒரே ஒரு கதை, சொன்னவரும் முறையை உருவாக்கியவரே. சான்றாக இதை எடுத்துக்கொள்ள முடியாது, ஆனால் யோசனை எங்கே பிறந்தது என்பதை இது காட்டுகிறது. 1925-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த அவர், 1936-இல் நியூயார்க் மாநிலத்தின் பீக்கன் என்ற ஊரில் ஒரு மனநல மருத்துவமனையையும் அதனுள் சிகிச்சைக்கான ஒரு மேடையையும் அமைத்தார்.

உளநாடக அமர்வு மூன்று கட்டங்களாக நடக்கும்: ஆயத்தம், காட்சி, பகிர்தல். ஒருவருடைய வாழ்க்கைச் சம்பவம் காட்சியாகிறது. மற்றவர்கள் அவருடைய மனைவியாகவோ தந்தையாகவோ நிற்கிறார்கள். ஒருவர் அவர் பின்னால் நின்று அவர் வாய்விட்டுச் சொல்லத் தயங்குவதைச் சொல்லிப் பார்க்கிறார். போதைச் சிகிச்சையில் அடிக்கடி கையாளப்படுவது காலி நாற்காலி. அந்த நாற்காலியில் மது உட்கார்ந்திருப்பதாகக் கொண்டு அதனோடு பேசச் சொல்வார்கள். வந்தவர் திட்டுவார் என்று எதிர்பார்ப்போம். பலர் முதலில் பேசுவது நன்றியாக இருக்கும். ‘அப்பா செத்தப்ப நீதான் கூட இருந்த’ என்பதுபோல ஒரு வரி வெளிவந்தால், அந்த மனிதர் விடப்போவது ஒரு பானத்தை மட்டுமல்ல, ஒரு துணையையும் என்பது ஆலோசகருக்குப் புரியும். அந்தத் துணையின் இடத்தில் யார், எது வரும் என்ற கேள்வி அதன் பிறகுதான் எழும்.

பகிர்தல் கட்டத்தில் அறிவுரைக்கு அனுமதி இல்லை. பார்த்தவர்கள் தங்கள் வாழ்க்கையில் இதைப் போன்ற ஒன்றைச் சொல்லலாம், அவ்வளவுதான். அமர்வு முடியும்போது நடித்த ஒவ்வொருவரும் பாத்திரத்திலிருந்து விடுபட்டு வெளியே வரவும் வேண்டும். விடியற்காலையில் கூத்து முடிந்ததும் வேடத்தைக் கலைத்து முகம் கழுவிவிட்டே வீட்டுக்குப் போகும் கலைஞர்களைப் போல, கொடுமைக்காரத் தந்தையாக நடித்தவர் தம் பெயரைச் சொல்லி, ‘நான் அவரில்லை’ என்று அறிவித்த பிறகே நாற்காலிக்குத் திரும்ப வேண்டும். இதைத் தவிர்த்துவிட்டு அவசரமாக அமர்வை முடிக்கும் இடங்களில் அந்த வெறுப்பு இரவு உணவுக்கூடம் வரை கூடவே போகிறது.

போதை மீட்பில் உளநாடகத்தின் பலனை ஆராய்ந்தவை பெரும்பாலும் சிறிய ஆய்வுகள், ஒப்பீட்டுக் குழு இல்லாதவை. எனவே இதைத் துணைமுறையாகக் கொள்ளலாம். முதன்மைச் சிகிச்சை என்று சொல்வது இன்று கிடைக்கும் சான்றை மீறிய பேச்சு.

விழிப்புணர்வு நாடகத்துக்கும் ஒத்திகைக்கும் நடுவே பிரேசில் நாட்டு நாடகக்காரர் அகஸ்டோ போவாலின் மன்ற அரங்கு நிற்கிறது. அங்கே காட்சி தோல்வியில் முடியும். மீண்டும் நடிக்கும்போது பார்வையாளர் ‘நிறுத்து’ என்று சொல்லி மேடையேறி, தாம் அந்த இடத்தில் என்ன செய்திருப்போம் என்று நடித்துக் காட்டலாம். ஜூன் 26 நாடகங்களை நடத்துபவர்கள் உறுதிமொழியைக் கைவிட்டு இந்த ஒரு விதியை எடுத்துக்கொண்டாலே, கூட்டத்தில் நிற்கும் குடிநோயாளிக்கும் அவர் தங்கைக்கும் அங்கே செய்ய ஒரு வேலை இருக்கும்.

எங்கே தவறும்

1. அவசரம். பல ஆண்டுகள் அன்றாடம் குடித்தவர் திடீரென நிறுத்தினால், முதல் இரண்டு நாட்களில் வலிப்பு வரலாம். இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை மனக்குழப்பமும் மாயத்தோற்றங்களும் உண்டாகி உயிருக்கே ஆபத்தாகலாம். அந்த நாட்கள் மருந்துக்கும் தையமின் (வைட்டமின் பி1) ஊசிக்கும் மருத்துவக் கண்காணிப்புக்கும் உரியவை. அதன் பின்னும் சில வாரங்களுக்கு நினைவாற்றலும் கவனமும் மந்தமாகவே இருக்கும். அப்போது கற்றது தங்காது.

2. பாதுகாப்பான அறை. மையத்துக்குள் நன்றாக நடித்தவர் தெருமுனையில் சறுக்குவது வழக்கம். மதுவின் வாசனையையும் பாட்டிலையும் காட்டிக் காட்டி ஏக்கத்தை மழுங்கச்செய்யும் சிகிச்சைகளை 2002-இல் தொகுத்து ஆராய்ந்த காங்க்லினும் டிஃபனியும் அவற்றுக்குத் திடமான பலன் இல்லை என்று கண்டனர். ஓர் இடத்தில் மழுங்கிய ஏக்கம் வேறிடத்தில் பழையபடி தலைதூக்குவது அதற்கான விளக்கங்களுள் ஒன்று. ஆகவே ஒத்திகையின் ஒரு பகுதியாவது மையத்துக்கு வெளியே, வீட்டு விடுப்பின்போது, குடும்பத்தார் ஒருவர் உடனிருக்க நடக்க வேண்டும்.

3. அவமானம் சிகிச்சையாகிவிடுதல். 1958-இல் கலிபோர்னியாவில் சார்லஸ் டீடெரிச் தொடங்கிய சினனான் என்ற அமைப்பு, போதையிலிருந்து மீள்பவர்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருவரையொருவர் கத்தியும் ஏசியும் தாக்கும் ‘ஆட்டம்’ ஒன்றை மையமாக வைத்திருந்தது. தொடக்கத்தில் பெரிதும் புகழப்பட்ட அந்த அமைப்பு நாளடைவில் வன்முறைக்குப் போயிற்று; 1978-இல் அதற்கு எதிராக வழக்காடிய வழக்கறிஞரின் தபால்பெட்டிக்குள் விஷப்பாம்பு வைக்கும் அளவுக்கு. 1991-இல் அது கலைந்தது. குழுவின் நடுவில் ஒருவரை நிறுத்தி மனைவி மக்கள் முன்னால் ‘உண்மையைச் சொல்’ என்று உடைப்பதை உளநாடகம் என்று அழைக்கும் இடம் எதுவாக இருந்தாலும், அது மொரேனோவின் வழி வந்ததல்ல.

குடும்பத்தார் கேட்க வேண்டியவை

மத்திய அரசுக்காக நடத்தப்பட்டு 2019-இல் வெளியான தேசிய அளவிலான ஆய்வின்படி, இந்தியாவில் 10 முதல் 75 வயது வரையுள்ளோரில் 14.6 விழுக்காட்டினர் மது அருந்துகின்றனர், ஏறத்தாழ 5.7 கோடிப் பேருக்கு மதுப் பழக்கம் தொடர்பான உதவி தேவைப்படுகிறது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்கே ஏதாவதொரு சிகிச்சை கிடைக்கிறது. அந்த ஒருவரை ஒரு மையத்தில் சேர்க்கும் குடும்பம், நாடகம் உண்டு என்று அங்கே சொன்னால், கீழ்க்கண்டவற்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

1. குடியை நிறுத்திய முதல் நாட்களில் உடல் படும் பாட்டைப் பார்த்துக்கொள்ள மருத்துவர் உண்டா? ஏக்கத்தைக் குறைக்கும் நால்ட்ரெக்சோன், அகம்ப்ரோசேட் போன்ற மருந்துகளைப் பற்றிப் பேசுவார்களா, அல்லது ‘மருந்தே தேவையில்லை, எங்கள் முறை போதும்’ என்பார்களா?

2. நடிக்க மறுத்தால் என்ன ஆகும்? பார்வையாளராக உட்கார்ந்திருக்கலாம் என்பதே சரியான விடை.

3. அமர்வை நடத்துபவர் யார், எங்கே பயின்றவர்? மையத்திலிருந்தே தேறியவர் என்பது மதிக்கத்தக்க தகுதி. ஆனால் பழைய காயங்களைக் காட்சியாக்கும் அமர்வுக்கு அது மட்டும் போதாது.

4. அமர்வுகளைப் படம் பிடிப்பார்களா? மீண்டவர்கள் அழுது நடிக்கும் காட்சிகளை விளம்பரத்துக்காகச் சமூக ஊடகத்தில் போடும் வழக்கம் இப்போது பரவிவருகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது மற்றும் போதைப் பழக்கத்தோடு தொடர்புடைய மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள் கொண்டுவந்திருக்கிறது. அச்சட்டத்தின் 24-ஆம் பிரிவின்படி, மனநல நிறுவனத்தில் சிகிச்சை பெறுபவரின் படத்தையோ தகவலையோ அவருடைய ஒப்புதல் இல்லாமல் ஊடகத்துக்கு வெளியிட முடியாது. சேர்க்கும்போது நீட்டப்படும் தாள்களுக்கு நடுவே அந்த ஒப்புதலும் இருக்கலாம். கை நடுங்கும் முதல் நாளில் அதில் கையெழுத்து வாங்குவதை மறுக்கக் குடும்பத்தாருக்கு முழு நியாயம் உண்டு.